பிஸ்மர்ச்சுக்கு ஒரு படி கீழே

குடிநீர் அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர் அகராதி. பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது. உடனே திமிர் பிடித்த ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். எதிரே நாய் வந்தால்கூட ஒதுங்கி நின்று வழிவிடுகிற மனுஷர். ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக ஒரே நாற்காலி. தப்பு செய்த ஊழியருக்கு மெமோ அடிப்பது வேலை. அந்த மெமோவின் கடைசி வார்த்தைதான் அவரை அகராதி ஆக்கியது.

அந்தக் கூத்து தொடங்கியது அவர் வேலைக்குச் சேர்ந்த வருடம். அப்போதிருந்த பெரிய அதிகாரிக்கு ஆங்கிலத்தின் மேல் தீராத காதல். மெமோ எந்த மொழியில் இருந்தாலும் சரி, அந்த ஊழியர் அலுவலகத்தின் நற்பெயருக்கு என்ன செய்தார் என்பதை ஒரே ஒரு ஆங்கில வார்த்தையில் சொல்லித்தான் முடிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். எட்டு வார்த்தைகளை ஒரு தாளில் கிறுக்கிக் கொடுத்துவிட்டு, மூன்றே மாதத்தில் மாற்றலாகிப் போய்ச் சேர்ந்தார். உத்தரவு மட்டும் போகவில்லை. அலுவலகத்தில் குடியேறிய எதுவும் லேசில் போவதில்லை.

பின்னாலேயே வந்த அதிகாரி நியாயமான ஒரு கேள்வி கேட்டார். "இதுல எதுய்யா பெருசு, எது சிறுசு?" பிரிவில் ஒருவருக்கும் தெரியவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று நம் ஆள் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். வீட்டுக்கு வரும் வழியில் தடிமனான அகராதி ஒன்றை வாங்கினார். எட்டு வார்த்தைக்கும் அதில் ஒரே பொருள்தான் போட்டிருந்தது: கறைப்படுத்து, மாசுபடுத்து, களங்கப்படுத்து. ஒன்றில் களங்கம் முதலில் வந்தது, இன்னொன்றில் மாசு முதலில் வந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். விலையைப் பார்த்து அவருக்கு வயிறு எரிந்தது.

அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் வேலை. நாளொன்றுக்கு நானூறு படுக்கை விரிப்புகளின் முகத்தில் விழிக்கிறவள். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வேறு கதியில்லாமல் அவளிடமே கேட்டார்.

"ஸ்மட்ஜுன்னு ஒண்ணு. விரல் பட்டு லேசா மங்கறது."

"அதெல்லாம் ஒரு கறையா? உதறினா போயிரும். முதல்ல எழுதிக்கங்க."

"ஸ்டெயின்?"

"அது நிஜக் கறை. பச்சைத் தண்ணியில ஊறப் போட்டா போயிரும். அவசரப்பட்டு வெந்நீரை ஊத்தினா ஆயுசுக்கும் நிக்கும்."

"டார்னிஷ்னு ஒண்ணு இருக்கு. வெள்ளி, பித்தளை மங்கிப் போறது."

"அது பாத்திரங்க. எங்க டிபார்ட்மென்ட்டே இல்ல."

யாருக்கும் மனக்கஷ்டம் வேண்டாமென்று டார்னிஷை நட்ட நடுவில் வைத்தார். ஸ்பாட்டும் ஸ்மியரும் ஸ்மட்ஜுக்கு அடுத்தடுத்து உட்கார்ந்தன. டெயின்ட் வந்தபோதுதான் அவள் கத்தியைக் கீழே வைத்தாள். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் உள்ளுக்குள் கெட்டுப்போயிருக்கும் என்று அவர் சொன்னதும் முகம் சுளித்தாள்.

"அதுக்குத் தனிப் பை வச்சிருக்கோம். மத்த துணியோட சேர்க்கவே மாட்டோம். பார்க்க வெள்ளை வெளேர்னு இருக்கும், தொத்து மட்டும் உள்ள இருக்கும். அழுக்குத் துணியை நம்பலாங்க, அதை நம்ப முடியாது. கடைசில போடுங்க."

"இன்னும் ஒண்ணு பாக்கி. பிஸ்மர்ச்."

"பேரே விளங்கல. அதை அதுக்கும் கீழ தள்ளுங்க."

இப்படியாக ஒரு வெங்காயம் உரித்து முடிப்பதற்குள் ஓர் அலுவலகத்தின் நீதி நெறி தீர்மானமானது. மறுநாள் அவர் அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்து பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டினார். அடுத்த அதிகாரி அதைக் கண்டு மேலிடத்துச் சுற்றறிக்கை என்று நினைத்து, ஒவ்வொரு வார்த்தைக்கும் எதிரே ஒரு தண்டனையை எழுதினார். ஸ்மட்ஜுக்கு வாய் எச்சரிக்கை. ஸ்டெயினுக்கு ஊதிய உயர்வு கிடையாது. டெயின்டுக்கு மூன்று வருடப் பதவி இறக்கம். பிஸ்மர்ச்சுக்கு வீட்டுக்கே அனுப்பிவிடுவது. அதற்கடுத்தவர் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார். அதன்பின் வந்த அதிகாரிகள் யாரும் மெமோவைப் படித்த பாவத்துக்கு ஆளாகவில்லை. கடைசி வார்த்தையைப் பார்ப்பார்கள், சுவரைப் பார்ப்பார்கள், கையெழுத்துப் போடுவார்கள். தீர்ப்பு சொல்கிற ஆள் அகராதிதான் என்பது அலுவலகத்தில் எல்லோருக்கும் புரிந்து ஒரு வருடம் கழித்து அகராதிக்கும் புரிந்தது.

அன்றிலிருந்து அவர் மேசை சந்தைக்கடை ஆனது. "சார், ஸ்மியரை ஸ்பாட்டா ஆக்கிக் குடுங்க, பொண்ணு பரீட்சை எழுதுது" என்று கெஞ்சுவார்கள். பம்பு ஓட்டுநர் ஒருவர் நேர்மாறாகச் சண்டைக்கே வந்தார். "அவனுக்கு ஸ்டெயின், எனக்கு வெறும் ஸ்பாட்டா? நான் அவனைவிட எதுல கொறஞ்சு போயிட்டேன்?" பணி ஓய்வு விழாக்களில், முப்பது வருடத்தில் ஒரே ஒரு ஸ்மட்ஜ் என்று மேடையில் புகழ்வார்கள், கைதட்டல் விழும். பிஸ்மர்ச் ஒரே ஒருவருக்குத்தான் போயிருந்தது. அலுவலகத்தின் இரும்புக் கேட்டையே கழற்றி விற்ற காவலாளி அவர். அவரும் தபாலட்டையில் வார்த்தையின் உச்சரிப்பைக் கேட்டு எழுதியிருந்தார், சொந்தக்காரர்களிடம் சொல்ல வேண்டுமாம்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த இருபத்திரண்டு வருடத்தில் அகராதி ஒருவருக்கும் வார்த்தையைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. ஒரு தேநீருக்குக்கூட அசைந்ததில்லை. பட்டியல் பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் அவர் அதை நேர்மையாக நடத்தினார். நேர்மையான பைத்தியக்காரத்தனம் எவ்வளவோ மேல் என்பது என் கட்சி.

அப்படிப்பட்ட மனுஷர் மேசைக்கு ஒரு திங்கட்கிழமை மச்சினனின் கோப்பு வந்து சேர்ந்தது.

மச்சினன் என்றால் மனைவியின் ஒரே தம்பி. தாய் போனபோது அவனுக்கு நான்கு வயது. அக்காதான் இடுப்பில் தூக்கி, ஊட்டி, அடித்து, அழுது வளர்த்தாள். ஏழு வருடம் படியேறி இறங்கி மீட்டர் குறிக்கிற உத்தியோகம் கிடைத்தபோது, அவனைவிட அவள்தான் அதிகம் அழுதாள். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரைப் பார்த்து எண்ணைக் குறித்து வருவது வேலை. பையன் வெயிலில் அலைவானேன் என்று மர நிழலில் உட்கார்ந்தே குறித்துவிட்டான், ஒன்றரை வருடமாக.

பொறியாளர் ஒருவர் வேறு வேலையாக அந்தத் தெருவுக்குப் போனபோது குட்டு உடைந்தது. மூன்று மாடிக் கட்டடம் இருக்க வேண்டிய இடத்தில் காலி மனை, நடுவில் ஓர் ஆடு. கட்டடத்தை இடித்து ஒரு வருடம் ஆகியிருந்தது. மச்சினனின் ஏட்டிலோ அந்தக் கட்டடம் மாதாமாதம் தண்ணீர் குடித்தது. குடித்தது மட்டுமல்ல, போகப் போக அதிகமாகக் குடித்தது. ஒரு மாதத்துக்கு எதிரே அவன் கைப்பட ஒரு குறிப்பு வேறு: விருந்தாளிகள் வந்திருந்ததால் செலவு கூடுதல். கையெழுத்து முத்து முத்தாக, ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது.

அன்று சாயங்காலமே மச்சினன் வீட்டுக்கு வந்துவிட்டான்.

"மாமா, ஒரு ஸ்மட்ஜ் போதும். பேராசைப்படல."

மனைவி குறுக்கே வந்தாள். "என்னமோ சின்னத் தப்பாம்ல? ஊருக்கெல்லாம் குடுக்கறீங்க. சொந்த மச்சினனுக்கு ஒரு ஸ்மட்ஜ் குடுத்தா கை தேஞ்சு போயிருமா? உத்தியோகம் போனா அவன் நடுத்தெருவுல நிப்பான். அப்புறம் நான் உயிரோட இருந்து என்ன பிரயோஜனம்?"

பதில் சொல்கிற பழக்கம் அகராதிக்குக் கல்யாணத்துக்கு முன்னால் இருந்தது.

மெமோ புதன்கிழமை மேலே போக வேண்டும். செவ்வாயன்று முழுநாளும் அவர் திரையில் ஸ்மட்ஜ் என்று அடித்தார், அழித்தார். டெயின்ட் என்று அடித்தார், அதையும் அழித்தார். பதினேழு தடவை. பக்கத்து மேசைக்காரர் விசைப்பலகை பழுதா என்று விசாரித்தார். சாயங்காலம் ஸ்மட்ஜ் என்றே முடிவு செய்தார். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை குறைத்தால் வானம் இடிந்து விழாது. அதை அடித்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தவருக்கு முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"போட்டுட்டேன். ஸ்மட்ஜ்" என்றார்.

மனைவிக்கு உயிர் வந்தது. கையைப் பிடித்துக்கொண்டாள். நிம்மதி வந்த பிறகுதான் மனிதர்களுக்கு விவரம் கேட்கத் தோன்றும். "ஆமா, அவன் அப்படி என்னதான் பண்ணித் தொலைச்சான்?"

அவர் சொன்னார். ஆட்டைச் சொன்னார், விருந்தாளிகளைச் சொன்னார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "இல்லாத வீட்டுக்கு விருந்தாளியா! சின்ன வயசுலயும் இப்படித்தாங்க புளுகுவான்."

"எழுதினதோட நின்னிருந்தா பரவாயில்ல" என்றார் அவர். "இந்தக் கட்டடம் குடிச்சதா எழுதின தண்ணியாலதான் அந்தத் தெருவோட மொத்த அளவு எல்லை தாண்டிருச்சு. தாண்டினா தெருவுக்கே குழாயை மூடிருவாங்க, அதான் விதி. நாப்பது நாள் மூடினாங்க. ஆள் இல்லன்னு அந்த உத்தரவை அடிச்சுக் குடுத்தவனும் நான்தான்."

"எந்தத் தெரு?"

"பழைய பம்பு ஹவுஸுக்குப் பின்னால."

அவள் சிரிப்பு நின்றது. முந்தானை மட்டும் வாயருகிலேயே இருந்தது.

சலவைக் கூடத்தில் அவளுக்குப் பக்கத்து மேசையில் இஸ்திரி போடுகிற அம்மாள் அந்தத் தெருக்காரி. வீட்டில் படுத்த படுக்கையாகப் புருஷன். அந்த நாற்பது நாளும் வேலை முடிந்ததும் கூடத்துக் குழாயில் இரண்டு குடம் பிடித்து, பேருந்தில் ஏற்றிக்கொண்டு போனாள். பேருந்து குலுங்கி வழியில் பாதி சிந்திவிடும் என்று சொல்லிச் சிரிப்பாள். ஒரு நாள் குடத்தைத் தூக்கிவிடும்போது மனைவி அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தாள்.

"நான் என்ன கேட்டேன் தெரியுமாங்க?" என்றாள் மனைவி. "அப்படி என்ன தண்ணியக் கொட்டறீங்க உங்க தெருவுலன்னு கேட்டேன். எங்க வீட்டுக்காரர் ஆபீஸுல சும்மா நிறுத்துவாங்களான்னு கேட்டேன். அந்தம்மா குடத்தை வாங்கிட்டுப் போயிருச்சு."

அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். தம்ளரைப் பார்த்தவள் குடிக்காமல் கீழே வைத்தாள்.

"ஏடு எப்படி இருந்துச்சு? அடிச்சு கிடிச்சு எழுதியிருந்தானா?"

"இல்ல. சுத்தமா இருந்துச்சு. பளிச்சுன்னு."

"மாத்துங்க" என்றாள். "ஸ்மட்ஜ் இல்ல அது. எதுன்னு உங்களுக்கே தெரியும்."

சொல்லிவிட்டு அழுதாள். இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அழாமல் எப்படி இருப்பாள்? புதன்கிழமை காலை அகராதி முதல் வேலையாக ஸ்மட்ஜை அழித்து டெயின்ட் என்று அடித்தார். அதிகாரி கடைசி வார்த்தையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். அகராதிக்கு அவரைக் கட்டிப்பிடிக்கவும் வேண்டும், அடிக்கவும் வேண்டும் போல இருந்தது.

மூன்று வருடப் பதவி இறக்கம். மச்சினனைத் தண்ணீர் லாரியில் குழாய் பிடிக்கப் போட்டார்கள். எந்த லாரி எந்தத் தெருவுக்கு என்பதைப் பார்க்கிற பிரிவுக்கு மெமோ விவகாரம் ஒன்றும் தெரியாது. அவர்கள் பாட்டுக்கு அவனை, மூடித் திறந்த குழாயில் இன்னும் தண்ணீர் சரியாக ஏறாத பழைய பம்பு ஹவுஸ் பக்கம் அனுப்பிவைத்தார்கள். முதல் நாள் வேலை முடிந்து சாயங்காலம் நேராக அக்கா வீட்டுக்கு வந்தான். முழங்கால் வரை ஈரம். கோபமாக வருவான் என்று இவர்கள் பயந்திருக்க, அவன் முகமெல்லாம் பல்லாக வந்தான்.

"அக்கா, இன்னிக்கு ஒரு அம்மா ரெண்டு குடத்தோட வந்தாங்க. ரொப்பினதோட நிக்காம வீட்டு வாசல் வரைக்கும் தூக்கிட்டுப் போய்க் குடுத்தேன். உள்ள அவங்க வீட்டுக்காரர் படுத்த படுக்கையாக் கிடந்தாரு. தம்பி, நீ நல்லா இருக்கணும்னு தலையில கை வச்சு சொன்னாங்க. அப்போ டெயின்ட் போயிருச்சுன்னு வச்சுக்கலாம்ல? மாமா, மூணு வருஷத்தைக் கொஞ்சம் குறைக்க வழியிருக்கா?"

மனைவி காய்ந்த துண்டை எடுத்து அவனிடம் கொடுத்தாள். "தண்ணி ஏன் நின்னுச்சுன்னு அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"நீ யாருன்னு சொன்னியா?"

அவன் காலைத் துடைத்தான். ஏற்கெனவே துடைத்த காலையே மறுபடியும் துடைத்தான். "எப்படிக்கா சொல்றது?"

"வாயாலதான். போய்ச் சொல்லு. போச்சா இல்லையான்னு துணிக்குச் சொந்தக்காரங்க சொல்லணும், நீயும் நானும் சொல்லக் கூடாது."

"நாளைக்குப் போறேன்கா."

"இப்பவே" என்றாள். அவன் மெல்ல எழுந்து வாசலுக்குப் போனான். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "இரு, நானும் வர்றேன். அந்தம்மாகிட்ட எனக்கும் சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு."

அகராதி குனிந்து தன் செருப்பைத் தேடினார்.