பன்னிரண்டு கோடு போட்ட பாட்டில்

ஊருக்கெல்லாம் தண்ணீர் லாரி ஓட்டியவருக்கு, இனி ஒரு நாளைக்கு ஒரே ஒரு லிட்டர்தான் என்று சொல்லிவிட்டார் டாக்டர். கூடினால் நீர் நுரையீரலில் ஏறும், மூச்சு நின்றுபோகும். தெருவில் அவருக்கு டேங்கர் என்று பெயர். இரண்டு கிட்னியும் கைவிட்ட பிறகும் அந்தப் பெயர் மட்டும் கைவிடவில்லை.

அளந்து ஊற்றுவது மனைவியின் பொறுப்பு. லாண்டரியில் இஸ்திரி போட்டுவிட்டு மதியம் வந்ததும் கேட்பாள், “இதுவரைக்கும் எவ்வளவு ஆச்சு?”

“காலையில அரை லிட்டர். மாத்திரைக்குக் கால். சாப்பாட்டோட மூணுல ஒரு பங்கு. மேல இருக்கிற ஒண்ணு ஒண்ணு ஒண்ணக் கூட்டினா மூணு. கீழ ரெண்டு, நாலு, மூணு, ஒன்பது. ஒன்பதுல மூணு! லிட்டர்ல மூணுல ஒரு பங்குதான் குடிச்சிருக்கேன். இன்னும் ரெண்டு பங்கு இருக்கு, ஊத்து.”

ஏமாற்றவில்லை, மனதார நம்பித்தான் சொன்னார். அவளைவிட இரண்டு வகுப்பு கூடப் படித்தவர். அவளும் நம்பி ஊற்றினாள். அந்த வாரமே கால் தலையணை மாதிரி வீங்கி, படுத்தால் மூச்சு முட்டி, ஆம்புலன்ஸில் போனார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்தக் கணக்கைக் கேட்ட மகள் தலையில் அடித்துக்கொண்டாள். “அரையே மூணுல ஒண்ண விடப் பெருசும்மா. அதோட இன்னும் ரெண்டு சேர்ந்தா எப்படிம்மா கொறையும்?”

ஒரு லிட்டர் பாட்டிலில் நெயில் பாலிஷால் சமமாகப் பன்னிரண்டு கோடு போட்டாள். அரைக்கு ஆறு கோடு, மூன்றில் ஒன்றுக்கு நாலு, காலுக்கு மூணு. கூட்டினால் பதின்மூன்று. மதியத்துக்குள்ளேயே ஒரு கோடு பாட்டிலுக்கு வெளியே. அதற்கு மேல் ஊற்றியது தனி.

அன்றிலிருந்து வீட்டில் லிட்டர் போய் கோடு வந்தது.

“மகாராஜாவுக்கு இப்ப ரெண்டு கோடு.”

“முதலாளியம்மா, அரைக் கோடு பாத்துப் போட்டுக் குடுங்க.”

உதடு காய்ந்து வெடித்தது. கேலி மட்டும் காயவில்லை.

ஒரு நாள் ஆஸ்பத்திரியில் டாக்டர், மனைவியை மட்டும் வெளியே கூப்பிட்டுப் பேசினார். திரும்பி வந்தவள் கட்டிலோரம் உட்கார்ந்து, பாட்டிலில் இருந்த கோடுகளை நகத்தால் சுரண்டினாள். சிவப்புத் தூள் மடியில் உதிர்ந்தது. பிறகு பாட்டில் நிறையத் தண்ணீர் பிடித்து வந்தாள்.

“எத்தனை கோடு?”

“வேணுங்கிற வரைக்கும் குடிங்க.”

அவருக்குப் புரிந்துவிட்டது. இதைப் புரிந்துகொள்ள எந்த வகுப்பும் படிக்க வேண்டியதில்லை. ஒரு வாய் குடித்தார். பழக்கம், கோடு இருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

“மிச்சத்த நீ குடி. காலையிலேர்ந்து ஒரு கோடுகூடக் குடிக்கல நீ.”