பரீட்சைக்கு முன்னால் கோட்டை விட்ட கதை

நான் ஐந்தாவது வரைதான் படித்தவன். ஆனால் எங்கள் ஊர் கணபதியில் நான் போட்ட பம்புசெட் கம்பெனியில், பி.இ. படித்தவர்கள் என்னைக் கண்டதும் எழுந்து நிற்பார்கள். இதை நான் யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை. தொண்ணூறுகளின் நடுவில் ஒரே மகளை இங்கிலாந்துக்கு இன்ஜினியரிங் படிக்க அனுப்பிய பிறகு கேட்கவா வேண்டும்? ஒரு துக்க வீட்டில் பாடையைத் தூக்கும் நேரத்தில், அங்கே பனி எத்தனை அடி விழும் என்று நான் விளக்கிக்கொண்டிருந்ததை என் மனைவி இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறாள்.

முதல் வருஷம் முடிகிற மே மாதத்தில் ஒரு நாள் மகளிடமிருந்து போன் வந்தது.

“அப்பா, நான் ஊட்டுக்கு வந்தர்றனுங்க.”

“லீவு உட்டாச்சா கண்ணு?”

“இல்லீங்க. இன்னும் பத்து நாள்ல பரீட்சை. என்னால எழுத முடியாதுங்க. புஸ்தகத்தத் தொறந்தா எழுத்தெல்லாம் ஓடுது. சோறு எறங்க மாட்டேங்குது. டிக்கெட் எடுத்துக் குடுத்துருங்கப்பா.”

எழுதாமல் வந்தால் திரும்பிப் போகமாட்டாள், படிப்பு அத்தோடு போய்விடும். அது எனக்குப் புரிந்தது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், முதலில் என் கண்முன் வந்து நின்றது அவள் முகமல்ல, நான் பெருமையடித்த அத்தனை பேரின் முகமும்தான். உடனே ஆரம்பித்தேன். பதினாலு வயதில் பட்டறையில் சம்மட்டி அடித்தது, உலைச் சூட்டில் நின்றது, பயம் என்றால் என்னவென்றே தெரியாமல் வளர்ந்தது. மூச்சு விடாமல் சொல்லி முடித்துப் பார்த்தால், அந்தப் பக்கம் போனை வைத்து எவ்வளவு நேரமோ ஆகியிருந்தது.

“ஏனுங்க, புள்ள பயமா இருக்குதுன்னு அழுவுது. நீங்க உங்க வரலாற ஓட்டறீங்க” என்றாள் மனைவி.

எனக்குத் தெரிந்த அடுத்த வழி பூக் கேட்பது. லேத் வாங்கியது, இடம் வாங்கியது, பெண் பார்த்தது எல்லாமே சாமியிடம் பூக் கேட்டுத்தான். மனைவியையும் ஏற்றிக்கொண்டு, வெள்ளகோவில் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயிலுக்குக் காரை விட்டேன். எழுதட்டும் என்றால் வெள்ளைப் பூ, வரட்டும் என்றால் சிவப்புப் பூ. இரண்டையும் தனித்தனி இலையில் மடித்துச் சாமி காலடியில் போட்டதும் பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தார். சிவப்பு.

“வெளிநாட்டு விவகாரமுங்க, சாமிக்குச் சரியா வெளங்கியிருக்காது. இன்னொருக்காப் போடுங்க” என்றேன்.

மறுபடியும் சிவப்பு.

“ஏனுங்க, சாமிக்கு ரெண்டு தடவையும் நல்லாத்தான் வெளங்குச்சுங்க” என்றார் பூசாரி. நான் விடவில்லை. மூன்றாவது தடவை வெள்ளை வந்தது. சாமி மனசு மாறுவதற்குள் விழுந்து கும்பிட்டுவிட்டு வண்டியை எடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மகளின் ஹாஸ்டலுக்குப் போன் போட்டேன். “சாமி எழுதச் சொல்லிப்போட்டாரு அம்மணி! வெள்ளப் பூ!”

“எத்தனாவது தடவைங்கப்பா?” என்றாள்.

நான் பொய்க்கு வாயெடுப்பதற்குள், பக்கத்தில் நின்ற மனைவி ரிசீவருக்குள் விழுகிற மாதிரி, “மூணாவது” என்றாள்.

மகள் சிரித்தாள். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. பிறகு சொன்னாள்: “செரீங்கப்பா, எழுதிப் பாக்கறேன். ஆனா ஒவ்வொரு பரீட்சைக்கும் நான் கெளம்பறதுக்கு முந்தி நீங்க போன் பண்ணோணும். புத்திமதி ஆவாது. நீங்க கோட்ட உட்ட கதை ஒண்ணு சொல்லோணும். பெரும வந்துச்சுன்னா போன வெச்சுப்போடுவேன்.”

மொத்தம் ஐந்து பரீட்சை. அவள் கிளம்பும் நேரம் நமக்கு மத்தியானம் ஒன்றரை.

முதல் நாள், உடுமலைப்பேட்டையில் ஒரு தோப்புக்காரர் கிணற்றடியில் ஊரையே கூட்டி வைத்து, என் பம்பின் அருமையைச் சொல்லி சுவிட்சைப் போட்டு, சொட்டுத் தண்ணீர் வராமல் நின்ற கதையைச் சொன்னேன். வால்வைத் திறக்க மறந்திருந்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். “அப்பறம் அதே ஆளு நம்ம பம்பு பத்து வாங்கினாப்டி” என்றேன். டொக்கென்று வைத்துவிட்டாள்.

இரண்டாம் நாள் கணக்குப் பரீட்சை. “கையெல்லாம் வேர்க்குதுங்கப்பா. போகலீங்க.” சொல்ல வைத்திருந்த கதை எதுவும் அந்தக் குரலுக்குப் போதாது என்று தோன்றியது. வறுமையால் படிப்பை விட்டேன் என்றுதான் மேடைகளில் பேசுவேன். வறுமை இருந்தது, பொய்யில்லை. ஆனால் நான் விட்டது அதனால் அல்ல. ஐந்தாவது முழுப் பரீட்சையில், கணக்குத் தாளைப் பார்த்ததும் கை வியர்த்து, ஒன்றுக்கு வருகிறது என்று சொல்லிவிட்டு வெளியே போய், சுவரேறிக் குதித்து ஓடியவன் நான். அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் இருந்த தெருவிலேயே நடக்கவில்லை. இதைக் கட்டிய பெண்டாட்டியிடம்கூடச் சொன்னதில்லை. அன்றைக்கு மகளிடம் சொன்னேன்; மனைவியும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“உங்களுக்கும் வேர்த்துச்சுங்களா?” என்றாள் மகள்.

“ஆமா கண்ணு. சட்டையே நனைஞ்சுபோச்சு.”

“செரி, போய்ட்டு வாரனுங்க” என்று வைத்தாள். போனாள், எழுதினாள்.

அடுத்த இரண்டுக்கும் மனைவியே கதை எடுத்துக் கொடுத்தாள். முதல் லேத்தை வெளியே வைத்துக்கொண்டே, அது நுழையாத அளவுக்கு வாசல் விட்டுப் பட்டறைக்குச் சுவர் கட்டியதை நான் மறந்திருந்தேன், அவள் மறக்கவில்லை.

ஐந்தாம் நாளுக்கு நல்ல கதையாக ஒன்றை வைத்திருந்தேன். ஸ்கூட்டர் பழகும்போது மாப்பிள்ளை ஊர்வலத்துக்குள் விட்ட கதை. ஒன்றரைக்குப் போன் போட்டேன். வேறொரு பெண் எடுத்தாள். அவள் மளமளவென்று பேசிய இங்கிலீஷில் எனக்குப் பிடிபட்டது ‘எக்ஸாம்’ மட்டும். வாயில் வந்த ஒரே இங்கிலீஷைச் சொன்னேன்: “தேங்க்யூ.”

“என்னங்க, புள்ள இல்லீங்களா?” என்றாள் மனைவி, தட்டில் சோற்றைப் போட்டபடி.

“எனக்காக நிக்காம போயிருச்சு.”

“நல்லதுதானுங்களே. உக்காந்து சாப்புடுங்க.”

உட்கார்ந்தேன். வைத்திருந்த ஸ்கூட்டர் கதையை அவளிடமே ஆரம்பித்தேன். “அந்த ஸ்கூட்டருக்குப் பின்னாடி உக்காந்திருந்ததே நானுங்க” என்று ரசத்தை ஊற்றினாள்.