ஃபேஸ் மாற்றிப் போட்ட மத்தியானம்

கரண்ட் கம்பி வழியாகப் பேச்சும் வரும் என்று என் தம்பி சொன்னபோது நான் நம்பவில்லை. கம்பியைத் தொட்டால் ஷாக் அடிக்கும், பேச்சு எப்படி வரும் என்று கேட்டேன். சேலத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவன் அவன். பையிலிருந்து டிபன் டப்பா அளவில் இரண்டு இன்டர்காம் பெட்டிகளை எடுத்து வைத்தான். தனியாக ஒயர் இழுக்க வேண்டாம், வீட்டில் ஒன்று, மில்லில் ஒன்று பிளக்கில் செருகினால் போதும், லைட்டுக்குப் போகிற கம்பியே பேச்சையும் தூக்கிக்கொண்டு போகும் என்றான்.

எண்பதுகளின் கடைசி அது. ஏற்காட்டு மலையில், கொட்டச்சேட்டில் எங்களுக்கு ஒரு மாவு மில் இருந்தது. சாலையோரம் மில், காப்பிச் செடிகளுக்கு நடுவே மேலே ஏறிப் போனால் வீடு. என் வீட்டுக்காரர் மிளகு பறிக்க, கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஏறி, ஏணி சறுக்கி விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லாமல் கட்டிலோடு கிடந்தார். பிள்ளைகள் சேலத்தில் என் அம்மா வீட்டில் படித்தார்கள். மில் ஓடினால்தான் எங்களுக்குச் சோறு.

ஆனால் மில்லில் நிற்கும்போதெல்லாம் பயம் என்னைத் தின்றது. தண்ணீருக்குக் கை நீட்டி அவர் கீழே விழுந்துவிட்டால்? குளிருக்குக் கட்டிலோரம் வைத்த நெருப்புச் சட்டி சாய்ந்துவிட்டால்? மாவு கொட்டிக்கொண்டிருக்கும்போதே இப்படி ஏதாவது தோன்றும். மோட்டாரை நிறுத்திவிட்டு மூச்சிரைக்க மேலே ஓடுவேன். அவர் சும்மா படுத்திருப்பார். உயிரோடு இருக்கிறேனா என்று பார்க்க வந்தாயா என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பெட்டியை வைக்கத் தம்பி பட்ட பாடு கொஞ்சமல்ல. மில்லில் வாசலோரப் பிளக்கில் போட்டால் வெறும் இரைச்சல். இன்னொன்றில் போட்டால் அந்த இரைச்சலும் இல்லை. மில்லுக்கு வருவது மூன்று ஃபேஸ் கரண்ட், அதாவது மூன்று தனிக் கம்பி. மோட்டாருக்கு மூன்றும் வேண்டும், லைட்டுக்கு ஒன்று போதும். வீட்டுக்குப் போகிற லைன் அதில் முதல் கம்பியிலிருந்து எடுத்தது. கடைசியில், லைட்டுக்கும் பிளக்குக்கும் எந்தக் கம்பி என்று ஃபேஸ் மாற்றுகிற சுவிட்சுக்குப் பக்கத்துப் பிளக்கில் செருகி, சுவிட்சை முதல் கம்பிக்குத் திருப்பியதும் பெட்டிக்குள் அவர் இருமுவது கேட்டது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ரெண்டு பெட்டியும் ஒரே ஃபேஸில் இருக்கணும் அக்கா, மாறினால் லைட் எரியும், சத்தம் வராது என்று தம்பி சொன்னான். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

மேலே இருந்த பெட்டியைப் பேசுகிற பக்கமே பூட்டி வைத்திருந்தோம். அதனால் நான் பேசினால் அங்கே கேட்காது, ஆனால் அங்கே நடப்பதெல்லாம் எனக்குக் கேட்கும். அவருடைய இருமல், ரேடியோ, சுவர்க் கடிகாரம் டிக் டிக்கென்று ஓடுவது எல்லாம். மோட்டார் ஓடும்போது மட்டும் பெட்டி கரகரவென்று உறுமும். அதனால் ஒவ்வொரு மூட்டைக்கும் நடுவில் மோட்டாரை நிறுத்தி, பெட்டியில் காதை வைத்து, கடிகாரம் கேட்ட பிறகுதான் மறுபடி ஓட்டுவேன். மாவு அரைக்க வருகிறவர்கள், புருசன் பெண்டாட்டிக்கு இன்னும் பேச்சு முடியவில்லையா என்று கிண்டல் செய்வார்கள்.

அவருக்குப் பெட்டி பிடிக்கவில்லை. ஒரு நாள் மனசில் கிடந்ததைச் சொல்லிவிட்டார்.

"இப்ப ஓடி ஓடி வர்ற. போகப் போக அலுத்துப் போயிரும் புள்ள. ஒரு நாளைக்கு நான் கூப்புடறது காதுல உழுந்தும் உழாத மாதிரி இருந்துக்குவ."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் ஆத்திரத்துக்கு அடியில் பயம்தான் இருந்தது. மனுசன் இதை உண்மையாகவே நம்பிக்கொண்டிருந்தார்.

அந்த மத்தியானம் வந்தது நல்ல மழைக்காலத்தில். பனி மில்லுக்குள்ளேயே வந்துவிட்டது. திடீரென்று பல்பு மங்கிப் போனது. ஒரு ஃபேஸில் வோல்டேஜ் குறைந்துவிட்டால் மோட்டாரை ஓட்டக் கூடாது, உள்ளே சுற்றியிருக்கிற செம்புக் கம்பி கருகிவிடும். நிறுத்தினேன். மழைக்காலத்தில் இது தினசரிக் கூத்து. லைட்டுக்காக, மூன்று ஃபேஸ் வைத்திருக்கிற எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். சுவிட்சை வேறு ஃபேஸுக்குத் திருப்பினேன். பல்பு பளிச்சென்று எரிந்தது. பெட்டியின் சிவப்பு விளக்கும் நன்றாக எரிந்தது. மோட்டார் சத்தம் இல்லை, இன்றைக்கு அவர் தலை திருப்பினால்கூடக் கேட்கும் என்று நிம்மதியாக உட்கார்ந்தேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு வந்த நிம்மதி, பாவி எனக்கு.

மாரமங்கலத்து அம்மா ஒருவர் ராகி மூட்டையோடு காத்திருந்தார். நாலு மணி பஸ் போய்விடுமோ என்று அவருக்கு ஒரே தவிப்பு. கவலைப்படாதீங்க, எங்க வீட்டுக் கடிகாரம் நாலடிப்பது இந்தப் பெட்டியிலேயே கேட்கும் என்று பெருமையாகச் சொன்னேன். மிளகு விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். வளைவில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. அந்த அம்மா மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

நான் பெட்டியைப் பார்த்தேன். கடிகாரம் அடிக்கவே இல்லை.

காதை வைத்தேன். டிக் டிக்கும் இல்லை. தூங்குகிற வீட்டின் அமைதி அல்ல அது. மேலே வீடே இல்லாதது மாதிரி இருந்தது. அப்போதுதான் தம்பி சொன்னது மண்டையில் ஏறியது. சுவிட்சைப் பழையபடி திருப்பினேன். பல்பு மங்கியது. பெட்டி கரகரத்தது. கடிகாரம் கேட்டது. பிறகு, கத்திக் கத்தித் தேய்ந்துபோன அவர் குரல்.

"பரவால்ல புள்ள. நீ வராட்டியும் பரவால்ல. நான் ஒண்ணும் தப்பா நெனைக்க மாட்டேன்."

எப்படி ஏறினேன் என்று தெரியாது. பனியில் முன்னால் என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை. இரண்டு தடவை விழுந்தேன். பாதி வழியிலேயே துணி கருகுகிற நாற்றம் வந்தது. மாரியாத்தா, மாரியாத்தா என்பதைத் தவிர வாயில் வேறு வார்த்தை வரவில்லை.

தண்ணீர்ச் சொம்புக்கு எட்டப்போய்க் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் குப்புற விழுந்து கிடந்தார். நெருப்புச் சட்டி சாய்ந்து, கம்பளியின் நுனி புகைந்துகொண்டிருந்தது. ஒரு கங்கு அவர் கெண்டைக்காலில் ஒட்டிக்கொண்டு தோலைப் பொசுக்கியிருந்தது. அவருக்கு அது தெரியவே இல்லை, நாற்றம் மட்டும்தான் தெரிந்திருக்கிறது. குடத்துத் தண்ணீரை மொத்தமாகக் கொட்டினேன். அவர் தலையைத் திருப்பி, வர மாட்டாள் என்று முடிவு கட்டிய ஆளைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். நெருப்பைவிட அந்தப் பார்வைதான் என்னைப் பயமுறுத்தியது.

ஜீப் பிடித்து ஏற்காட்டுக்குக் கொண்டுபோய்க் கட்டுப் போட்டோம். வழியெல்லாம் ஃபேஸ், சுவிட்ச் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். "செரி உடு புள்ள" என்றார். பொய் சொல்கிறவளை மன்னித்து விடுகிற குரல் அது. கன்னத்தில் ஓங்கி அறைந்திருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். இனி சாகும்வரை இந்த மனுசன் இதை நெஞ்சில் வைத்துக்கொண்டே நான் போடுகிற சோற்றைத் தின்பாரா என்றுதான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் கரண்ட் நன்றாக இருந்தது. அவரே சொன்னார்.

"இந்தப் பெட்டியக் கேக்கற பக்கம் வெச்சுட்டுப் போ. கீழ அந்தச் சுவிட்ச நேத்து மாதிரியே திருப்பிப் போட்டுட்டுப் பேசு. பாக்கலாம்."

கீழே போனேன். மெஷினை யார் நம்புவது? அரைகுறையாக ஒரு வார்த்தை கேட்டுத் தொலைந்தாலும் ஆயுசுக்கும் நான் பொய்க்காரி. சுவிட்சைத் திருப்பினேன். பொத்தானை அழுத்தினேன். என்ன பேசுவது? வாயில் வந்ததெல்லாம் திட்டுதான். அறிவு கெட்ட மனுசா, நீ கூப்பிட்டு நான் வராமல் இருப்பேனா, என்னைப் பற்றி இவ்வளவுதானா தெரியும் என்று தொண்டை வறளத் திட்டினேன். அப்புறம் அவர் முகம் எப்படி இருக்குமோ என்று பயந்து பயந்து மேலே ஏறினேன்.

பெட்டியைக் காதோடு சேர்த்து வைத்திருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. மரத்திலிருந்து விழுந்தபோதுகூட அழாதவர்.

"கேக்கல புள்ள. ஒரு வார்த்தை கூடக் கேக்கல."

என்ன பேசினாய் என்று கேட்டார். கண்டபடி திட்டினேன் என்றேன். அப்படியென்றால் இப்போது திட்டு, கேட்கிறேன் என்றார். கட்டிலோரம் உட்கார்ந்து, முதலிலிருந்து திட்டினேன்.