ஞாயிற்றுக்கிழமை கடலில் நின்றவன்

காலை எட்டு நாற்பது, ஞாயிற்றுக்கிழமை. அலுவலகக் கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது எங்கள் நாளிதழின் ஆறாம் பக்கம். மாதா கோயில் பூசை முடிந்து வெள்ளைச் சட்டையோடு நேராக வந்திருந்த மூன்று மீனவர்கள் அதை என் முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்திருந்தார்கள். பக்கத்துக் கடற்கரை ஊரின் கமிட்டிக்காரர்கள்.

ஆறாம் பக்கத்தில்தான் படக்கதை வரும். ஓர் ஒல்லி மீனவன், ஒரு படகு, ஒரு தூண்டில். பதினெட்டு வருடமாக அவனுக்கு மீன் பட்டதில்லை. செருப்பு படும், குடை படும், ஒருமுறை கட்டில் பட்டது. சனிக்கிழமை முதன்முறையாகக் கயிறு விறைத்தது. அதுவரை ஞாயிறன்று படக்கதை வந்ததில்லை. அந்த வாரம்தான் ஞாயிறும் போடத் தொடங்கியிருந்தோம். அதிலும் அவன் கடலில் நின்று இழுத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணாச்சி, நாயித்துக்கிழம எங்க ஊர்ல யாரும் கடலுக்குப் போறதுண்டா?" என்றார் மூத்தவர்.

"இல்லை."

"பெறவு இவன் எப்பிடி கடல்ல நிக்கான்?"

படம்தானே என்றேன்.

"படம்னா? கட்டுப்பாடு எல்லாத்துக்கும் ஒண்ணுதான். பயலுவ இவனக் காட்டி, நாங்களும் போவலாமான்னுல்லா கேக்குதானுவ."

தீர்ப்போடுதான் வந்திருந்தார்கள். ஒரு வாரம் படகு கரையில் கிடக்க வேண்டும். மீனை விட்டுவிட வேண்டும். இல்லையென்றால் எங்கள் நாளிதழ் ஊருக்குள் வராது.

"கயிறு வளையுறதப் பாத்தா சீலா மீனுதான்," என்றார் இரண்டாமவர்.

"ஏலே, கண்ணு அவிஞ்சா போச்சு? பாறை மீனுல்லா," என்றார் மூன்றாமவர். "சனிக்கிழமயே பட்ட மீனு. பாவம், எடுத்துக்கிடட்டுமே."

"இழுக்குறது இன்னைக்குல்லா," என்றார் மூத்தவர். "எனக்கு மட்டும் பாக்க ஆசையில்லையாக்கும்?"

கோயம்புத்தூரில் இருக்கும் ஓவியரை அழைத்து ஸ்பீக்கரில் போட்டுத் தீர்ப்பைச் சொன்னேன். கடலோரத்தில் அவர் ஒரு நாளும் இருந்ததில்லை. மீன் வெளியே வரும் திங்கட்கிழமைப் படத்தை முடித்து வைத்திருந்தார்.

"பதினெட்டு வருஷமுங்க சார். ஒரே ஒரு மீனு. செதில் செதிலா வரைஞ்சிருக்கேன்."

"என்ன மீனுன்னு கேளுங்க," என்றார் இரண்டாமவர்.

"கேக்கக் கூடாது," என்றார் மூத்தவர்.

 ஊர்க் கட்டுப்பாட்டை மீறினால் படகைக் கரையில் எப்படிக் கட்டிப்போடுவார்கள் என்று ஓவியர் கேட்டார். மூவரும் ஒரே நேரத்தில் விளக்கினார்கள்.

திங்கட்கிழமைப் படத்தில் கயிறு அறுந்து தொங்கியது. செவ்வாய் முதல் அடுத்த திங்கள் வரை படகு மணலில் கிடந்தது.