இரண்டு வார்த்தைக்குப் பத்து வார்த்தை

“அத நிறுத்தும்மா” என்று அப்பா சொன்னபோது, படம் பிடிக்காமல் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். மடிக்கணினியில் படத்தை நிறுத்தினேன். காய்ந்து சிவந்த மண். அதன் நடுவே போலீஸ் கோட்டு போட்ட, காலில் செருப்பில்லாத ஒரு கறுப்பு மனிதன் வாயைத் திறந்தபடி நின்றான். ஜன்னலுக்கு வெளியே ஹட்டன் டவுன் மழையில் நனைந்துகொண்டிருந்தது.

அப்பாவுக்கு கௌபாய் படங்கள் என்றால் உயிர். தேயிலைத் தோட்டத்தில் கண்டாக்காக, மலைவேலையை மேற்பார்க்கும் உத்தியோகத்தராக, இருந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை ஹட்டன் தியேட்டருக்குக் கூட்டி வருவார். குதிரை, துப்பாக்கி, கடைசியில் நல்லவன் ஜெயிப்பது. ஓய்வு பெற்று என்னோடு டவுனுக்கு வந்த பிறகும் அந்த ஆசை போகவில்லை. அதனால்தான் நான் மிகவும் மதித்த அந்தப் படத்தை அவருக்குப் போட்டுக் காட்டினேன். கதை நடப்பது அமெரிக்காவில் அல்ல, ஆஸ்திரேலியாவில். கொடூரமான படம். அதில் நல்லவன் என்று யாரும் இல்லை. ஒருவன் சவுக்கால் அடிபடும்போது கேமரா அவன் முதுகைவிட்டு, பார்த்து நிற்பவர்களின் முகங்களுக்குப் போகும். கொன்றவன் தன் கன்னத்தில் உட்கார்ந்த ஈயை விரட்டக்கூடத் தெம்பில்லாமல் குந்தியிருப்பான். என்னோடு படிப்பிக்கும் ஆசிரியர்களிடம் இதையெல்லாம் பலமுறை விளக்கியிருக்கிறேன். வெள்ளைக்காரன் வேறொரு நாட்டில் செய்த அநியாயம் என்ற அளவில் அது எனக்கு வசதியாகவும் இருந்தது.

“வெள்ளக்காரன் ரெண்டு வார்த்ததானே சொன்னான்?” என்று அப்பா கேட்டார். “இவன் ஏன் இவ்வளவு நேரம் பேசுறான்?”

திருப்பிப் போட்டேன். அவர் சொன்னது சரிதான். பிடித்துவைத்த ஆதிவாசிக் கிழவரிடம் அதிகாரி ஏதோ சுருக்கமாகச் சொல்கிறான். மொழிபெயர்க்கும் அந்தக் கறுப்பு மனிதன், அதே கிழவரின் இனத்தவன், கத்திக்கொண்டே போகிறான். கிழவர் கூனிப்போகிறார். எத்தனையோ தடவை பார்த்தும் நான் இதைக் கவனித்ததில்லை.

“நானும் இதத்தான் செஞ்சேன்” என்றார் அப்பா.

அவர் சொன்னது எங்கள் மாமாவைப் பற்றி. அம்மாவின் அண்ணன், அதே தோட்டத்தில் தொழிலாளி. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வருவதை நிறுத்திவிட்டார். அம்மா இறந்தபோதுகூட வீட்டுக்குள் வராமல் சுடுகாட்டிலிருந்தே திரும்பிப் போனார். திமிர் பிடித்தவர் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். அந்தக் காலத்தில் ஒருநாள், காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில், குடியிருந்த லயத்து வரிசைவீட்டின் கூரை ஒழுகுகிறது என்று அவர், தோட்ட நிர்வாகியாகப் புதிதாக வந்த தொரையிடம் முறையிட்டாராம். தொரைக்குத் தமிழ் தெரியாது. அப்பாதான் இடையில் நின்று சொன்னார். “பொண்டாட்டி ஒழைப்புல திங்கிற நாய்க்குக் கூரை ஒரு கேடா” என்று தொடங்கி, வாயில் வந்ததையெல்லாம் தொரை சொன்னதாகவே சொன்னாராம். கொழுந்துக்கூடையோடு மாமாவின் மனைவி, என் அத்தையும் வரிசையில் நின்றிருக்கிறார்.

“ஏம்ப்பா அப்புடிச் சொன்னீங்க?”

“நானும் லயத்துல பொறந்தவன்னு தொரைக்குத் தெரியும். மச்சானுக்காகப் பேசுறேன்னு அவரு நெனச்சிடக்கூடாதுல்ல.”

கண்டாக்கையா மகள் என்று சொல்லிப் பள்ளிக்கூட வாங்குப்பலகையில் எனக்கு இடம் ஒதுங்கிக் கொடுத்த பிள்ளைகளில் மாமாவின் மகளும் ஒருத்தி. அந்த இடத்தில் நான் எவ்வளவு இயல்பாக உட்கார்ந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்த வாரமே அப்பாவை அழைத்துக்கொண்டு எங்கள் பழைய தோட்டம் இருக்கும் வட்டவளைப் பக்கம் பஸ் ஏறினேன். மாமா அதே லயத்தில்தான் இருந்தார். கூரைத் தகரத்தின் மேல் பிளாஸ்டிக் விரிப்புப் போட்டுக் கல் வைத்திருந்தார்கள். என் கண் அங்கேயே போனது. அப்பா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. மாமா “வாங்க மாப்ள” என்று கையைப் பிடித்து உட்காரவைத்தார். அத்தை பிளேன்டீ கொண்டுவந்து வைத்தார். அப்பா அதைத் தொடாமலே மன்னிப்புக் கேட்டார்.

“அதெல்லாம் எனக்கு மறந்துபோச்சு” என்றார் மாமா. “டீயக் குடிங்க.”

“எனக்கு மறக்கலங்கண்ணே” என்றார் அத்தை. குரல் உயரவில்லை. “உங்க பொழப்பு அப்புடி, தொர சொன்னதத்தானே நீங்க சொல்லணும். அத ஏன் அத்தன பேருக்கு முன்னால சத்தமாச் சொன்னீங்கங்கிறதுதான் எனக்கு வருத்தம்.”

அங்கேயே விட்டுவிடலாம். மன்னிப்பு பாதி கிடைத்தாயிற்று. மாமாவும் பேச்சை மாற்றத் தயாராக இருந்தார். உள்ளுக்குள் நானும் அதைத்தான் விரும்பினேன் என்பதை இங்கே மறைப்பதில் பிரயோசனமில்லை. அப்பா மட்டும் மறுத்துத் தலையை ஆட்டினார்.

“இல்லம்மா. தொர அப்புடிச் சொல்லல.”

“பின்ன என்ன சொன்னாரு?”

“பொறகு பாப்போம்னாரு. அவ்வளவுதான்.”

மாமா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். அவருக்கும் இது புதிது. நான் டீக் கோப்பையை வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தேன்.

“இத்தன வருசமா நான் அந்தத் தொரையத்தான் சபிச்சுக்கிட்டு இருந்தேன்” என்றார் அத்தை.