அப்பா சொன்ன ஒரு ரேடியோ

கரமனை அக்ரஹாரத்தில் எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் ஒரே சுவர். அதனால் ரகசியம் பேச வேண்டுமென்றால் அப்பா கார்ட்லெஸ் போனைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விடுவார். துபாயிலிருந்து வந்த தெருக்காரர் ஒருவர் கொடுத்த போன் அது. அடுத்த வீட்டு மாமியும் அவரிடமே அச்சு அசலாக அதே போல ஒன்று வாங்கியிருந்தாள். அதை மட்டும் யாரும் சந்தேகிக்கவில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். முந்தைய சம்பந்தம், பேச்சு வெளியே கசிந்து, யாரோ போய் ஏதோ சொல்லித் தட்டிப்போயிருந்தது. இந்தத் தடவை நிச்சயமாகும்வரை மூச்சு விடக்கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. மூன்றாம் நாளே அடுத்த வீட்டு மாமி கோயில் வாசலில் அம்மாவைப் பிடித்தாள்.

"பையன் அனுஷமாக்கும், இல்லையா? கழக்கூட்டத்திலே கம்ப்யூட்டர் உத்தியோகமாமே!"

வீட்டில் சந்தேகம் தரகர், தபால்காரர் என்று ஒரு சுற்றுப் போய்விட்டு என்மேல் வந்து உட்கார்ந்தது. "இவன் வாயாக்கும் காரணம்" என்றார் அப்பா. நிறையப் படிக்கிறவனால் பேசாமல் இருக்க முடியாது என்பது அவர் கொள்கை.

பெண் பார்க்க வந்த பையன் பஜ்ஜியைத் தொடாமல் கேட்டான்: "மாமா, ஆத்திலே எத்தனை ரேடியோ இருக்கு?"

வரதட்சிணைக்கு இது புது வழியோ என்று அப்பாவின் முகம் இறுகியது. "ஒண்ணு. அதுவும் பழசு."

"கார்ட்லெஸ்ஸும் ரேடியோதான் மாமா. கையிலே எடுக்கறது ஒண்ணு, மேஜைமேல இருக்கறது ஒண்ணு. மூணாச்சு. பக்கத்திலே அச்சா அதே மாதிரி இன்னொண்ணு இருந்தா, இங்கே பேசறது அங்கேயும் கேக்கும். நான் போன் பண்றச்சே நடுவிலே யாரோ தும்மிட்டு 'ராமா'ங்கறாளே, உங்காத்திலே யாருக்கு ஜலதோஷம்?"

ஜலதோஷம் அடுத்த வீட்டு மாமிக்கு. பையன் எங்கள் போனை எடுத்துப் பொத்தானை அழுத்திக் காதில் வைத்தான். முகம் ஒரு மாதிரி ஆயிற்று. அப்பாவிடம் நீட்டினான். பக்கத்தில் இருந்த எனக்கே கேட்டது. மாமி தன் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "வந்துட்டான்டீ. ஜன்னல் வழியாப் பார்த்தேன். நிறம் கொஞ்சம் மட்டு."

இதுவும் போயிற்று என்று அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். உள்ளேயிருந்து வந்த தங்கை போனை வாங்கினாள்.

"மாமி, ஜன்னல்லேருந்து சரியாத் தெரியாது. நேரே வந்து பாருங்கோ. காபி கலந்தாச்சு."

பையன் சிரித்துவிட்டு முதல் பஜ்ஜியை எடுத்தான். எங்கள் தெருவில் அது சம்மதம்.

"அப்போ அவா பேசறதும் இங்கே கேட்டிருக்கணுமே?" என்றான் அப்புறம்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாமியின் மூட்டுவலியையும் மருமகள் புராணத்தையும் ஆறு மாதமாகக் கேட்டுவந்தவன் நான். எக்ஸ்சேஞ்ச் கோளாறு என்று நினைத்து, சரியாகிவிடப் போகிறதே என்ற பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை. அங்கிருந்து வருவது இங்கிருந்தும் போகும் என்று, அத்தனை படித்தும், தோன்றவில்லை.

கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளையின் மொபைல் அடித்தால், இன்றும் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மாடிக்குப் போய்விடுகிறார்.