என்னாச்சு அண்ணாச்சி

திருநெல்வேலி டவுணில் ஐம்பத்தைந்து வயது தாண்டிய ஒருவர் ரத வீதியில் ஓடினால் அதற்கு இரண்டே காரணங்கள்தான் இருக்க முடியும். ஒன்று, ஜங்ஷன் போகிற பஸ் கிளம்பிக்கொண்டிருக்கிறது. இல்லையென்றால் யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். விடியற்காலை ஐந்து மணிக்குப் பஸ்ஸைப் பிடிக்க யாரும் அப்படிப் பதறுவதில்லை. ஆகவே ஆவுடைநாயகம் முதன்முதலாக ஓடிய அன்று, ரத வீதி இரண்டாவது காரணத்தைத்தான் எடுத்துக்கொண்டது.

உண்மையில் அவரை ஓட வைத்தது ஒரு நாய். நில அளவைத் துறையில் முப்பத்துநாலு வருடம் வயல் வரப்பெல்லாம் நடந்து ஓய்வு பெற்ற மனிதர் அவர். ஓய்வுக்குப் பிறகு சாப்பாடும் தூக்கமும் டிவியுமாக இருந்ததில் சர்க்கரை இருநூற்று எண்பதுக்கு ஏறிவிட்டது. நடங்கள் என்றார் டாக்டர். புனேயில் இருக்கும் மகள் சுப்ரஜா ஒரு ஷூ வாங்கி அனுப்பினாள். இரண்டு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தார். அன்றைக்கு மேலரத வீதி முக்கில் ஒரு நாய் துரத்த, வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடினார். நாய் கொஞ்ச தூரத்தில் சலித்துப்போய் நின்றுவிட்டது. அவருக்கு நிற்க மனம் வரவில்லை. இருபத்தைந்து வயதில் அளவுச் சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் தாவிய கால்கள் இன்னும் தன்னிடம்தான் இருக்கின்றன என்று தெரிந்ததில் அவருக்கு வந்த சந்தோஷம் சொல்லி முடியாது.

கோயில் வாசலுக்குப் பூக்கூடையோடு போய்க்கொண்டிருந்த மாரிக்கண்ணு முதலில் பார்த்தாள். கூடையை ஒரு கடைப்படியில் வைத்துவிட்டு அவர் பின்னாலேயே ஓடி வந்தாள்.

“என்னாச்சு அண்ணாச்சி? யாருக்கு என்ன?”

மூச்சு வாங்கியதால் அவரால் பதில் சொல்ல முடியவில்லை. கையை மட்டும் ஆட்டினார். அந்தக் கையாட்டலை அவள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்க்கும் எபி, காலை ஷிப்டுக்குப் போகிறவன், சைக்கிளை ஓரங்கட்டிவிட்டுச் சேர்ந்துகொண்டான். பால் வாங்க வந்தவர்கள் நாலு பேர் தூக்குவாளியோடு வந்தார்கள். எல்லோரும் ஓடிக்கொண்டே கேட்டார்கள், “என்னாச்சு அண்ணாச்சி?” அவர் தன் தெருவுக்குள் திரும்பும்போது பின்னால் ஆறு பேர்.

அப்போதுதான் ஐயம்பெருமாள் வீட்டுக் கதவு திறந்தது.

ஐயம்பெருமாள் ஆவுடைநாயகத்தின் கூடப்பிறந்த அண்ணன். ரயில்வேயில் கார்டாக இருந்தவர். வீட்டுக்குள்ளும் அவர் கொடி காட்டாமல் எதுவும் நகராது. ஏழு வீடு தள்ளித்தான் இருக்கிறார், ஆனால் அண்ணனும் தம்பியும் பேசிப் பதினோரு வருடம் ஆகிறது. அவர் துண்டைத் தோளில் போட்டபடி தெருவில் இறங்கி, தம்பியின் கையைப் பிடித்து நிறுத்தினார். முகம் வெளிறிப்போயிருந்தது.

“ஏலே, என்னாச்சுலே? வடிவுக்கு என்னமும் ஆச்சா?”

வடிவு என்றது ஆவுடைநாயகத்தின் மனைவி வடிவம்மாளை. பதினோரு வருடத்துக்குப் பிறகு அண்ணன் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை. ஆவுடைநாயகம் அதை எதிர்பார்க்கவே இல்லை. திகைப்பில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார்.

“யாருக்கும் ஒண்ணுமில்லண்ணே. சும்மாதான் ஓடுதேன்.”

ஐயம்பெருமாள் பிடித்த கையை விட்டார். தம்பியை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இத்தனை வருடம் கட்டிக்காத்த வைராக்கியத்தைச் சும்மா ஓடினவனுக்காக விட்டுக்கொடுத்த ஆத்திரம் அந்தக் கதவின் சத்தத்தில் இருந்தது.

சண்டைக்குக் காரணம் ஒரு கல்யாணப் பத்திரிகை. சுப்ரஜாவின் கல்யாணத்துக்கு அடித்த பத்திரிகையில் பெரியப்பா பெரியம்மா பெயர்கள் முதல் வரியில் வரவேண்டும். வரவில்லை. அந்த வரியே இல்லை. அதற்குக் கீழே மாமா, அத்தை, ஒன்றுவிட்ட சித்தப்பா என்று எல்லாரும் இருந்தார்கள். அறுநூறு பத்திரிகையும் ஊருக்குள் போய்ச் சேர்ந்த பிறகுதான் கண்டுபிடித்தார்கள். “அச்சாபீஸ்காரன் விட்டுட்டான்” என்று ஆவுடைநாயகம் வீடு வீடாகச் சொன்னார். ஐயம்பெருமாள் கேட்டுக்கொண்டார், பதில் சொல்லவில்லை. கல்யாணத்தன்று அவர் லீவு போடவில்லை. செங்கோட்டை வண்டியில் ட்யூட்டிக்குப் போய்விட்டார்.

பெண்கள் இதில் சேரவே இல்லை. வடிவம்மாளும் அவள் ஓரகத்தியும் நாள் தவறாமல் குழம்புக் கிண்ணத்தை மாற்றிக்கொண்டார்கள். அண்ணன் வீட்டுச் சொதியைத் தம்பியும் தம்பி வீட்டு அவியலைத் தமையனும் பதினோரு வருடமாகச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார்கள், அவ்வளவுதான்.

அன்றைக்கு ஓடிய ஆறு பேரில் மூன்று பேர் மறுநாளும் வந்தார்கள். முதல் நாள் கேள்வி கேட்க ஓடியதில் உடம்புக்கு நன்றாக இருந்ததாம். எபி போனில் ஒரு குழு ஆரம்பித்து அதற்கு “என்னாச்சு அண்ணாச்சி” என்றே பெயர் வைத்தான். ஆறு மாதத்தில் இருபத்தெட்டுப் பேர். ஊரில் எந்தச் சந்திலும் அவர்களைப் பார்த்துப் பதற ஆள் இல்லை என்று ஆனது. தூரத்தை அளப்பதில் மட்டும் தகராறு. எபியின் போன் நாலு ரத வீதியையும் சுற்றினால் இவ்வளவு என்று ஒரு கணக்குச் சொல்லும். ஆவுடைநாயகம் ஒத்துக்கொள்ள மாட்டார்.

“ஒம் போன் வளைவுல குறுக்கால போவுதுடே. நான் சங்கிலி போட்டு அளந்த ஆளு.”

சர்க்கரை இறங்கியது பெரிய விஷயமில்லை, மாத்திரை போட்டாலும் இறங்கியிருக்கும். காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் கிடைத்ததுதான் அவருக்குப் பெரிது. நாலரை மணிக்குத் தான் போகாவிட்டால் தேட ஆள் இருக்கிறது என்று நினைக்கும்போதே அவருக்கு நெஞ்சு நிறைந்துவிடும். எபியின் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த பத்து நாளும் ஓட்டக்காரர்கள் முறை வைத்துக்கொண்டு போய் இருந்தார்கள். போன வருடம் புருஷனைப் பறிகொடுத்த மாரிக்கண்ணு, சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு வெறுங்காலோடு எல்லாருக்கும் முன்னால் ஓடினாள்.

“ஓடும்போதும் அவுக நெனப்புத்தான் அண்ணாச்சி. ஆனா அழுகை வரல. கூடவே ஓடி வாராப்புல இருக்கு” என்றாள் ஒருநாள். அன்று ஆவுடைநாயகம் அவளோடு இன்னொரு சுற்றுச் சேர்ந்து ஓடினார்.

எல்லாம் இருந்தும் ஒரு குறை. தினமும் அண்ணன் வீட்டைத் தாண்டும்போது அவர் வேகத்தைக் குறைப்பார். லேசாக இருமுவார். முன்னறையில் விளக்கு எரியும், ஜன்னல் வழியே அண்ணன் டம்ளரோடு உட்கார்ந்திருப்பது தெரியும். அந்த ஒரு கேள்வியை அண்ணன் இன்னொரு தடவை கேட்டுவிட மாட்டாரா என்று மனம் கிடந்து அடித்துக்கொள்ளும். கேட்டால் இந்தத் தடவை வேறு பதில் சொல்ல வேண்டும் என்று அவர் வைத்திருந்தார். அண்ணன் டம்ளரைக் கீழே வைக்கவே மாட்டார்.

தை மாதம் டவுணிலிருந்து சேரன்மகாதேவி ஆற்றங்கரைக்கு இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டம் ஒன்று ஏற்பாடானது. மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். பெயர் கொடுக்கும் படிவத்தில் அவசரத்துக்குக் கூப்பிட ஒருவருடைய பெயரும் போன் நம்பரும் கேட்டிருந்தது. அவர் மனைவி பெயரை எழுதப் போனார். எபி தடுத்தான்.

“மதினி போன எடுக்கவே மாட்டாங்களே அண்ணாச்சி. வண்டி எடுத்துட்டு ஒடனே வரக்கூடிய ஆளாப் போடுங்க.”

ஆவுடைநாயகம் பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். ஊரில் ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் எத்தனையோ பேர். தனக்கு ஒன்று என்றால் உடனே வரக்கூடிய ஆள் என்றதும் ஒரு முகம்தான் வந்தது. எழுதிவிட்டார். அந்த நம்பர் அவருக்கு மனப்பாடம்.

ஓட்டத்தன்று பேட்டை தாண்டும்வரை அவருக்குக் கால் தரையில் பட்டதே தெரியவில்லை. பட்டறை வாசல்களில் எபியின் கூட்டாளிகள் நின்று தகரத்தைத் தட்டினார்கள். அதற்கப்புறம் வயல்கள். இதில் பாதி நிலத்தை அவர் அளந்திருக்கிறார். எந்த வரப்பு யாரால் எவ்வளவு தள்ளிப்போனது என்று சொல்லிக்கொண்டே ஓடியதில் கூட ஓடியவர்கள் ஒவ்வொருவராக முன்னால் போய்விட்டார்கள். பதினெட்டாவது கிலோமீட்டரில் இரண்டு கெண்டைக்காலும் ஒரே நேரத்தில் இழுத்துப் பிடிக்க, ரோட்டோரப் புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

தண்ணீர் கொடுக்க நின்றிருந்த கல்லூரிப் பெண் பிரியதர்ஷினி ஓடி வந்தாள். சுறுசுறுப்பான பிள்ளை. காலில் மருந்தை அடித்துவிட்டு, அவர் சட்டையில் குத்தியிருந்த நம்பர் அட்டையைத் திருப்பி, பின்னால் அச்சடித்திருந்த பெயரையும் நம்பரையும் பார்த்துப் போன் போட்டுவிட்டாள். அவர் வேண்டாம் என்று கையை ஆட்டுவதற்குள், “ஆவுடைநாயகம் ஐயா சேரன்மாதேவி ரோட்டுல விழுந்துட்டாங்க, ஒடனே வாங்க” என்று சொல்லி வைத்தும்விட்டாள்.

ஐயம்பெருமாள் வீட்டு வாசலிலிருந்து ஸ்கூட்டர் நிற்கும் இடத்துக்கு எட்டு எட்டுத்தான் இருக்கும். அந்த எட்டு எட்டையும் அவர் ஓடினார் என்று தெரு பின்னால் சொன்னது. கார்டு ஐயா ஓடி யாரும் பார்த்ததில்லை. அவர் பேட்டையைத் தாண்டுவதற்குள் வடிவம்மாளும் ஓரகத்தியும் ஆட்டோ பிடித்தாகிவிட்டது.

வந்து நின்றபோது அவருடைய சட்டைப் பொத்தான்கள் ஒன்று மாறி ஒன்று போட்டிருந்தன. ஸ்கூட்டரை ஸ்டாண்ட் போடக்கூட இல்லை, பிரியதர்ஷினிதான் பிடித்துக்கொண்டாள். தம்பி உட்கார்ந்திருப்பதையும் கண் திறந்திருப்பதையும் பார்த்த பிறகு நின்று மூச்சு விட்டார்.

“என்னாச்சுலே?”

ஆவுடைநாயகம் காலைக் காட்டினார். ஐயம்பெருமாள் குனிந்து காலைப் பார்த்தார், அந்த நம்பர் அட்டை திரும்பிக் கிடந்ததையும் பார்த்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதில் இருந்த தன் பெயரை எழுத்து எழுத்தாகப் படித்தார். புல்லில் தம்பி பக்கத்தில் உட்கார்ந்தார்.

சொல்லிவிடலாம் என்று ஆவுடைநாயகத்துக்குத் தோன்றியது. பதினெட்டு கிலோமீட்டர் ஓடிய உடம்பில் மானமும் ரோசமும் நிற்பதற்கு இடமில்லை.

“அண்ணே, பத்திரிகைய நான்தான் திருத்திக் குடுத்தேன். கண்ணாடி ரிப்பேருக்குப் போயிருந்தது. சரியாப் பாக்காம கையெழுத்துப் போட்டுட்டேன். பழியத் தூக்கி அச்சாபீஸ்காரர் மேல போட்டேன். தப்பு என்னுதுதான்.”

“தெரியும்” என்றார் ஐயம்பெருமாள்.

“தெரியுமா?”

“நீ வீடு வீடாச் சொல்லுத சேதி அச்சாபீஸ்காரருக்குப் போயி, மறுநாளே வந்துட்டாரு. ஒங் கையெழுத்தோட அந்தத் தாளக் கொண்டாந்து காட்டினாரு. வெளிய சொல்லாதீயும்னு நான்தான் சொன்னேன். எந் தம்பி பொய் சொல்லுதான்னு ஊரு பேசணுமா?”

ஆவுடைநாயகம் அண்ணன் பக்கம் திரும்பினார்.

“பின்ன ஏண்ணே இத்தன வருசமா பேசாம இருந்திய?”

“நீ வந்து சொல்லுவ, சொல்லுவன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்.” ஐயம்பெருமாள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “ஏழு வீடு தள்ளித்தானலே இருக்கேன். அத வந்து சொல்லதுக்கு நீ சேரன்மாதேவிக்கு ஓடணுமா?”

ஆவுடைநாயகம் வாய்விட்டு அழுதார். அழுதுகொண்டிருக்கும்போதே சிரிப்பும் வந்துவிட்டது. வலி கூடிவிட்டதென்று நினைத்த பிரியதர்ஷினி மறுபடியும் இரண்டு காலிலும் மருந்தை அடித்தாள்.

ஆட்டோ வந்து நின்றது. பெண்கள் இருவரும் இறங்கி, இரண்டு பேரும் அடுத்தடுத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்கள். வடிவம்மாள் எதையோ கேட்க வாயெடுத்தாள். ஓரகத்தி அவள் கையை அமுக்கினாள்.

“ஆட்டோவுல ஏறுங்க” என்றாள் வடிவம்மாள், பொதுவாக.

“ஏற மாட்டான்” என்றார் ஐயம்பெருமாள். “இன்னும் எவ்வளவுலே இருக்கு?”

“மூணு கிலோமீட்டர்ண்ணே. நான் அளந்த ரோடு.”

“பைய எந்திரி. நடப்போம்.”

தம்பி அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பின்னால் ஆட்டோ ஊர்ந்து வந்தது. மூன்றரை மணி நேரக் கெடு எப்போதோ தாண்டிப்போயிருந்தது. ஐயம்பெருமாள் தன் பேரனைப் பற்றிச் சொன்னார், முழங்கால் ஆபரேஷனைப் பற்றிச் சொன்னார், ரிட்டயர்மென்ட் அன்று கொடியைத் திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் நின்றதைச் சொன்னார். ஆவுடைநாயகம் ஒவ்வொன்றுக்கும் கேள்வி கேட்டார். ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம் ஆனது. அதற்குள் பேசி முடியவில்லை.